கல்லூரி முடிந்த பிறகு நட்பை எப்படிக் காப்பாற்றுவது: ஒரு நைட் ஷிஃப்ட்காரியின் குறிப்புகள்

சித்தி மகள் இந்த ஏப்ரலில் பி.காம். முடித்தாள். கடைசிப் பரீட்சை அன்று சாயங்காலமே வகுப்பில் 46 பேரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்துவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குப் போன் பண்ணி, "அக்கா, உங்க குரூப்பு மாதிரி எங்க குரூப்பும் செத்துப் போயிருமாக்கா?" என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது. "போகாதுட்டி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபீஸில் அடுத்த கால் காத்திருந்ததால், "எல்லாத்தையும் எழுதி அனுப்புதேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது. இந்த வருசம் கல்லூரியை விட்டு வெளியே வருகிற மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியதால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

என் ஊர் கோவில்பட்டி. திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்து 2017-இல் முடித்தேன். அதே வருசம் சென்னை. அமெரிக்க மருத்துவமனைகளுக்காக அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கூப்பிட்டு, இன்ன நோயாளிக்கு ஏன் இன்னும் பணம் வரவில்லை என்று கேட்கிற வேலை. ஏ.ஆர். காலிங் என்பார்கள். நியூயார்க்கில் காலை எட்டு மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஐந்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் ஆறரை. விடியற்காலையில் கேப் ஏறி ரூமுக்கு வந்து, ஊர் எழும்போது நான் படுப்பேன். எல்லாரும் விழித்திருக்கிற நேரத்தில் தூங்குகிறவளுக்கு, முயற்சி எடுக்காமல் எந்த நட்பும் தங்காது. நான் சொல்லப் போவதெல்லாம் அப்படிக் கற்றுக்கொண்டவை.

முதலில் மணிக்கணக்கு

கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முகம் தெரிந்தவர் ஒரு சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கண்டது. ஆபீஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நேரம் இதில் அவ்வளவாகச் சேராது என்றும் சொன்னார்.

இதைப் படித்தபோது எனக்கு ஹாஸ்டல்தான் ஞாபகம் வந்தது. குளிக்க வாளியோடு வரிசை, மெஸ்ஸில் தட்டோடு வரிசை, ராத்திரி ரிக்கார்டு நோட்டில் பாக்டீரியா படம் வரைவது, கரண்ட் போனால் வராந்தாவில் படுத்துப் பேசுவது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தாலும் இருபது நாளில் 200 வந்துவிடும். யாரும் நட்புக்கென்று நேரம் ஒதுக்கவில்லை. அது பாட்டுக்கு வந்து சேர்ந்தது. சென்னையில் மாதம் ஒருமுறை ஹோட்டலில் இரண்டு மணி நேரம் சந்திக்கிறீர்கள் என்றால், அதே 200 மணி நேரத்துக்கு எட்டு வருசத்துக்கு மேல் ஆகும்.

ஆகவே கல்லூரி முடிந்த முதல் வருசத்தில், "அவ மாறிட்டா", "வேலை கெடச்சதும் திமிரு வந்துட்டு" என்று யாரைப் பற்றியும் முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் யாரும் மாறவில்லை. மணி நேரம் வரத்து நின்றுவிட்டது. நான் முதல் இரண்டு வருசம் இந்தக் கணக்குத் தெரியாமல் மூன்று பேர் மேல் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்தில் போன நாட்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

குரூப்பை என்ன செய்வது

எங்கள் குரூப்பில் 38 பேர். முதல் ஆறு மாதம் ஷிஃப்ட் முடிந்து பார்த்தால் முந்நூறு மெசேஜ் கிடக்கும். இரண்டாவது வருசம் பிறந்தநாள் வாழ்த்து மட்டும். அப்புறம் கல்யாணப் பத்திரிகை, ஆடித் தள்ளுபடி, யாரோ அனுப்பிய காலை வணக்கம். 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்கு ஊரே அலைந்தபோது அந்தக் குரூப் திடீரென்று எழுந்து உட்கார்ந்தது. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், எந்த வார்டில் இடம் இருக்கிறது என்று விசாரித்துப் போடுவான். மூன்று வாரம். நான்கு பேருடைய வீட்டுக்கு அது உதவியது. அதற்குப் பிறகு மறுபடியும் அமைதி.

அதனால் குரூப்பை ஊர் மந்தை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கோயில் கொடை என்றாலும் ஆபத்து என்றாலும் அங்கே கூடலாம். மனசு விட்டுப் பேச வீட்டுத் திண்ணைதான் வேண்டும். மியூட் போட்டு, ஆர்க்கைவில் தள்ளி, வாரம் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பேச்சு இல்லையே என்று அழ வேண்டாம். வெளியேற வேண்டிய கட்டாயம் வந்தால் (ஆபாசம், சண்டை, ஓயாத அரசியல் ஃபார்வர்டு), தயங்காமல் வெளியேறலாம். 2022-இலிருந்து வாட்ஸ்அப்பில் நாம் விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகிறது.

செய்ய வேண்டிய வேலை வேறு. ஒரு தாளில் எல்லாப் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இரண்டு கேள்வி. இவளுடைய அம்மாவிடம் நான் நேரில் பேசியிருக்கிறேனா? இவள் இப்போது எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்று வருகிற பெயர்கள் நான்கோ ஐந்தோ இருக்கும். உங்கள் நேரத்தில் முதல் பங்கு அவர்களுக்கு. மற்றவர்களை வெட்ட வேண்டாம், கும்பிட்டுக்கொண்டு போகிற தூரத்தில் இருக்கட்டும். சித்தி மகள் எழுதியதில் ஏழு பெயர் தேறியது. ஏழையும் பிடித்து வைக்கத் தெம்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்கிறாள். இருபத்தோரு வயதில் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டேட்டஸில் பார்த்தது பேசினதாக ஆகாது

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இது இல்லாமல் மற்றதெல்லாம் வெறும் யோசனையாகத்தான் இருக்கும்.

ஹாஸ்டலில் மூன்று வருசமும் என்னோடு ஒரே ரூமில் இருந்தவள் சாத்தூர்க்காரி. அவள் அப்பா அங்கே சேவுக் கடை வைத்திருந்தார். மாதம் ஒரு தடவை மகளைப் பார்க்க வருவார். கையில் எண்ணெய் ஊறிய இரண்டு பொட்டலம் இருக்கும். "ஒண்ணு ஒனக்கு. ஒண்ணு கோவில்பட்டிப் பிள்ளைக்கு." என் பெயர் அவருக்குக் கடைசி வரை கோவில்பட்டிப் பிள்ளைதான். மிளகு தூக்கலான சேவு. பரீட்சை நேரத்தில் எங்கள் ரூமுக்கு யார் வந்தாலும் அந்தப் பொட்டலத்தில் கைவிடாமல் போனதில்லை.

2022 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, மூன்று நாற்பது இருக்கும். கேப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் குளிர் காற்று. ஒவ்வொரு ஸ்டேட்டஸாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒருத்தியின் பிறந்தநாள் கேக். ஒருவனின் புது பைக். அடுத்து அவள் அப்பாவின் படம், சுற்றிலும் பூ வரைந்த சட்டம், கீழே கண்ணீர் அஞ்சலி. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அவளுக்கு "ஸாரிடி, தைரியமா இரு" என்று போட்டு, கூடவே ஒரு கும்பிடு. காலையில் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். எழுந்தபோது மத்தியானம் ஒரு மணி. இந்த நேரத்தில் காரியத்தில் இருப்பார்களோ என்று தயங்கினேன். சாயங்காலம் ஷிஃப்ட். மறுநாள், நேற்றே கூப்பிடவில்லையே என்று வெட்கம். ஒரு வாரம் ஆனதும் அந்த வெட்கம் மலையாகிவிட்டது. அவள் ஸ்டேட்டஸ் வந்தால் பார்க்காமல் தாண்டினேன்.

ஜூலையில் ஒரு கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போனேன். மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது இலையில் சேவு வைத்தார்கள். கையை உதறிவிட்டு எழுந்து, அம்மாவிடம் சொல்லிவிட்டு சாத்தூர் பஸ் ஏறினேன். அவள் கடையில்தான் இருந்தாள். அப்பா உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்து தராசில் நிறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தவள் எழுந்திருக்கவில்லை. வந்த ஆளுக்குப் பொட்டலம் மடித்து, நூல் சுற்றி, சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் பேசினாள்.

"நீ வரலங்கது கூட எனக்கு வருத்தமில்லட்டி. எங்கப்பா சேவ மூணு வருசம் தின்னுருக்க. ஒரு போனு. ஒரே ஒரு போனு. கும்பிடு போட்டுட்டுப் போயிட்ட."

நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தப்புதான் என்றேன். அப்புறம் கடைப் பையன் டீ வாங்கி வந்தான். அப்பா கடைசி நாளில் என்ன சாப்பிட்டார், யாரைக் கேட்டார் என்று அவள் சொல்லச் சொல்ல இருட்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். மனசு ஆறியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கங்களைச் சொல்கிறேன்.

சாவு, ஆஸ்பத்திரி, நின்றுபோன நிச்சயதார்த்தம், போன வேலை, கலைந்த கரு: இவை எந்த வழியாகத் தெரியவந்தாலும் அன்றைக்கே குரலில் கூப்பிட வேண்டும். நேரம் சரியில்லை என்றால் அலாரம் வையுங்கள். மனசில் வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. எடுக்கவில்லை என்றால் இருபது விநாடி வாய்ஸ் மெசேஜ் போதும். "அப்பா நம்ம ஹாஸ்டல் வாசல்ல பொட்டலத்தோட நின்னது கண்ணுக்குள்ளயே இருக்கு. நீ பேச வேண்டாம். நாளைக்கு ஆறு மணிக்குத் திரும்பக் கூப்பிடுதேன்." இறந்தவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். சொன்ன ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள்.

முடிந்தால் துட்டிக்கு, அதாவது துக்கம் விசாரிக்க, நேரில் போங்கள். எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் விசேஷம் வரை போகலாம். போன வீட்டில் இறந்தவரைப் பற்றிப் பேசப் பயப்படாதீர்கள், அவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. சும்மா எழுந்து வர வேண்டும். இதெல்லாம் வீட்டில் பெரியவர்கள் கூட வந்தால் தானாகத் தெரியும். முதல் தடவை தனியாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பதினாறு முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் வீடு காலியாகும். அந்த வாரத்தில் இன்னொரு தடவை கூப்பிடுவது முதல் நாள் போனைவிட முக்கியம். அடுத்த வருசத் தேதியையும் போனில் குறித்து வையுங்கள்.

தாமதமாகிவிட்டால்? என் வேலையில் சி.ஓ. 29 என்று ஒரு மறுப்புக் குறியீடு உண்டு. கெடு தாண்டி அனுப்பிய பில்லுக்குப் பணம் கிடையாது என்று அர்த்தம். மெடிகேர் என்கிற அமெரிக்க அரசு இன்சூரன்ஸ் என்றால் சிகிச்சை நடந்த நாளிலிருந்து ஒரு வருசம்தான். தினமும் அந்தக் குறியீட்டைப் பார்க்கிறேன். சாத்தூர்க் கடையில் அன்றைக்கு ஐந்து மாதம் கழித்து என் பில்லை அவள் வாங்கிக்கொண்டாள். எவ்வளவு தாமதமானாலும் போங்கள். காரணம் அடுக்காதீர்கள்.

கூப்பிடுவதில் ஒரு பழக்கம்

ராத்திரி முழுக்கப் போனில் பேசுவது என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் தெரியும். "எப்படி இருக்க?" என்று கேட்டால் "நல்லாருக்கேன்" என்று வரும், அதோடு பேச்சு நிற்கும். "இப்ப எங்க உக்காந்திருக்க?" என்று கேளுங்கள். "மொட்டை மாடில. துணி எடுக்க வந்தேன்" என்று வரும். "உன் மாமியார் ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று கேளுங்கள். சின்னக் கேள்விக்குத்தான் பெரிய பதில் வரும். போன தடவை அவள் சொன்ன ஒரு விஷயத்தை (பல்வலி, ஹவுஸ் ஓனர் தகராறு, எழுதிய குரூப் 2 பரீட்சை) ஞாபகம் வைத்து அதிலிருந்து ஆரம்பியுங்கள். எனக்கு மறதி அதிகம். போனில் அவள் பெயருக்குக் கீழேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

"ஃப்ரீயா இருந்தா கூப்பிடு" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். "ஒரு நாள் பார்ப்போம்டி" என்பதையும். அந்த ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் இல்லை. எனக்கும் சாத்தூர்க்காரிக்கும் ஞாயிறு சாயங்காலம் நான்கு மணி. அவள் கடையில் கூட்டம் சேர்வதற்கு முந்தைய நேரம், நான் எழுந்து காபி குடித்த நேரம். இருபது நிமிடம் பேசுவோம். சில ஞாயிறு பேச ஒன்றும் இருக்காது. அவள் சேவு நிறுக்கிற சத்தம் கேட்கும், நான் துணி மடிப்பேன். அதுவும் கணக்கில் சேரும் என்று நம்புகிறேன். ஒரு வாரம் தப்பினால் மன்னிப்பு கேட்டு நீளமாக எழுத வேண்டாம். அடுத்த ஞாயிறு கூப்பிட்டால் போதும்.

ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஹோட்டலில் சந்திப்பதைக் குறைத்துக்கொண்டு வேலைகளைச் சேர்ந்து செய்யுங்கள். ஆதாரில் முகவரி மாற்றப் போகிறாயா, நானும் வருகிறேன். தங்கச்சி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ரெங்கநாதன் தெருவா, பையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பார்வை மங்கும், துணைக்கு வருகிறேன். செலவும் இல்லை, ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் சேரும். அந்த அலைச்சலில்தான் உண்மையான பேச்சு வரும். எனக்கு வந்திருக்கிறது.

புது ஊரில் புது ஆள்

வேளச்சேரி லேடீஸ் ஹாஸ்டலில் முதல் வருசம் எனக்கு யாருமே இல்லை. மற்றவர்களுக்குப் பகல் வேலை. அவர்கள் வரும்போது நான் கிளம்புவேன். அந்த வருசம் தூக்கம் கெட்டு, காரணமே இல்லாமல் கேப்பில் அழுதிருக்கிறேன். அப்போது யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது டெலி மனாஸ் என்கிற மனநல உதவி எண் இருக்கிறது. 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இலவசம். ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்பத் தோன்றாத நாளில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

எனக்குக் கிடைத்த ஆள் மொட்டை மாடியில் கிடைத்தார். சனிக்கிழமை மத்தியானம் துணி காயப்போட வருகிற, நாற்பதைத் தாண்டிய ஓர் அக்கா. தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். வாரா வாரம் ஒரே நேரம், ஒரே கொடிக்கயிறு. மூன்றாவது வாரம் கிளிப் கடன் கேட்டார். ஏழாவது வாரம் வருமான வரிக் கணக்கு எப்படித் தாக்கல் செய்வது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நம் வயதுக்காரர்களிடம் மட்டும்தான் நட்பு வைக்க வேண்டும் என்பது கல்லூரி பழக்கிவிட்டது. அதை மறந்துவிடுங்கள். ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போங்கள்: நூலகம், ஷட்டில் கோர்ட், ஞாயிற்றுக்கிழமை கோயில், பூங்காவில் நடை. ஆள் தானாக அமையும்.

படம், பணம், பயம்

நண்பர்கள் இருக்கிற படத்தைப் போடும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மகாபலிபுரத்தில் எட்டுப் பேர் எடுத்த படத்தை நான் ஸ்டேட்டஸில் வைத்தேன். அதில் ஒருத்தி வீட்டில் ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரிந்த ஒருவர் அவள் மாமாவுக்குத் தெரிந்தவர். ஒரு மணி நேரத்தில் அவள் அப்பாவிடமிருந்து போன். அடுத்த மாதமே அவளை ஊருக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவள் வேலை போனதற்கு என் விரல் ஒரு காரணம். ஸ்டேட்டஸ் வைக்கும்போது யார் யார் பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பிலேயே தேர்ந்தெடுக்கலாம், இன்ஸ்டாவில் நெருங்கிய நண்பர்கள் பட்டியல் வைக்கலாம். அதைச் செய்துவிட்டாலும், கேட்காமல் போடாதீர்கள்.

அடுத்தவர் படங்களைப் பார்த்து வயிறு எரிகிறதா? எனக்கும் எரிந்திருக்கிறது, முக்கியமாக 2019-இல், எல்லாரும் வெளிநாடு போனபோது. அந்த ஆளை மியூட் செய்யுங்கள், அன்ஃபாலோ செய்ய வேண்டாம். வயிறு ஆறியதும் திரும்பிப் பார்க்கலாம்.

கடன் கொடுப்பதென்றால், திரும்பி வராவிட்டாலும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிற தொகை எதுவோ அதுவரைக்கும் கொடுங்கள். எனக்கு அது 5,000 ரூபாய். அதற்கு மேல் கேட்டால், "இவ்வளவுதான் முடியும்" என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இழுத்தடிப்பதுதான் நட்பைக் கெடுக்கும். கல்யாண மொய்யும் அப்படித்தான். கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது என்பதற்காகக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கடன் ஆப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் பக்கத்து சீட்டுப் பையன், 23 வயது, மாசக் கடைசியில் ஒரு ஆப்பில் சின்னத் தொகை வாங்கினான். நிறுவும்போது காண்டாக்ட் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறான். இரண்டு மடங்கு கட்டிய பிறகும் மிரட்டல். ஒரு நாள் அவன் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டிய படம் எங்கள் எல்லாருக்கும் வந்தது. ஆபீஸில் சிலர் அதை மற்ற குரூப்களுக்குத் தள்ளினார்கள். அவன் அன்று கழிவறையில் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். டீம் லீடரும் நானும் அரை மணி நேரம் வெளியில் நின்று பேசி வெளியே கொண்டுவந்தோம்.

நண்பரைப் பற்றி இப்படி ஒரு படம் வந்தால் முதல் வேலை, அவரைக் கூப்பிடுவது. "எனக்கும் வந்துருக்கு. பொய்யின்னு தெரியும். நான் இங்கதான் இருக்கேன்." அனுப்பியவரின் எண், மெசேஜ், கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பரிடம் கொடுங்கள். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், கேலிக்காகக் கூட. மேற்கொண்டு ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். கட்டக் கட்டக் கேட்பார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிட்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். கூட உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்கள், தனியாக அவர்களால் முடியாது, கை நடுங்கும். அந்தரங்கப் படம் என்றால் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்றொரு சேவை 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்கு ஓர் அடையாள எண் உருவாகும், அந்த எண்ணை வைத்து அதில் சேர்ந்துள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டா போன்ற தளங்கள் படம் பரவாமல் தடுக்கும். இன்னொன்று, கடன் ஆப்கள் நம் காண்டாக்ட், கேலரி, கால் விவரங்களை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது. காண்டாக்ட்டுக்கு அனுமதி கேட்கிற கடன் ஆப்பைக் கண்டால் அந்த நிமிடமே நீக்கிவிடுங்கள்.

விட வேண்டியவை

கல்யாணமான தோழி மூன்று மாதம் பேசாமல் இருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். புது வீட்டில் போனில் சிரித்துப் பேசுவதற்கே அவளுக்கு மூலை கிடைத்திருக்காது. அவளுக்கு வசதியான நேரத்தைக் கேட்டு, அந்த நேரத்தில் மட்டும் கூப்பிடுங்கள். பிள்ளை பிறந்தால் பிள்ளையைப் பார்க்கப் போகிற நாளில் அவளையும் பாருங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று அவளைக் கேட்க அந்த வீட்டில் ஆள் குறைவு.

வேறொரு வகை உண்டு. எங்கள் ஹாஸ்டல் கூட்டத்தோடு ஒன்றாகத் தட்டில் பிசைந்து சாப்பிட்ட ஒருவன், வேலைக்குப் போன பிறகு சாதிப் பெருமைப் பாட்டாக ஸ்டேட்டஸ் வைக்க ஆரம்பித்தான். அரிவாள் படம், மற்றவர்களை இறக்கிப் பேசுகிற வரி. எங்களில் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பி, "இவனுக்கா நான் ரிக்கார்டு எழுதிக் குடுத்தேன்" என்று கேட்டாள். நான் அவனைக் கூப்பிட்டேன். குரூப்பில் திட்டவில்லை, தனியாகப் பேசினேன். அவள் பெயரைச் சொல்லாமல், இது நம்ம கூட இருந்தவங்களக் குத்துதுப்பா என்றேன். "ஸ்டேட்டஸ்தான, விடு" என்றான். இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. இதில் இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுக்க முடியாது. நான் அவள் பக்கம் நின்றேன். அவனிடம் பேச்சு நின்றுவிட்டது, அதற்காக வருத்தம் இருக்கிறது, ஆனால் திரும்ப அதே இடத்தில் நிற்க வேண்டி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

பதில் வராதவர்கள் விஷயத்தில் என் வழக்கம் இதுதான். மூன்று தடவை, மாதம் ஒன்றாக, நானாகக் கூப்பிடுவேன். அதற்கும் எடுக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்வேன். பிளாக் செய்வதில்லை, நீளமாகக் கடிதம் எழுதுவதில்லை, "நீ என்னை மறந்துட்ட" என்று ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. வருசத்தில் ஒரு நாள், அவள் பிறந்தநாளில், வாய்ஸ் மெசேஜ் மட்டும் போகும். கடையநல்லூர்க்காரி ஒருத்திக்கு நான்கு வருசம் அப்படிப் போனது. போன அக்டோபரில் விடியற்காலை நான்கு மணிக்கு, நான் கேப்பில் இருக்கும்போது, அவளிடமிருந்து போன் வந்தது. துபாயில் இருக்கிறாளாம். இந்த நேரத்தில் விழித்திருக்கிற ஒரே ஆள் நான்தான் என்று ஞாபகம் வந்ததாம். பள்ளிக்கரணையிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் அவள் அழுதாள். நான் கேப்பை விட்டு இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்று, பால்காரர் வருகிற வரை போனை வைக்கவில்லை.